சிங்கப்பூரா, சென்னையா? கூட்டு ஒப்பந்தத்தின் 61-ம் பக்கம்

அம்பத்தூரில் பிரஸ் பாகங்கள் செய்யும் நண்பர் ஒருவர் போன மாதம் ஓர் ஒப்பந்த வரைவை அனுப்பியிருந்தார். கொரியக் கம்பெனி ஒன்றுடன் சேர்ந்து ஒரகடத்தில் ஆலை போடுகிறார். அவர்களுக்கு 51 சதவீதம், இவருக்கு 49. மொத்தம் 64 பக்கம். பங்கு விலை, இயக்குநர் எண்ணிக்கை, ராயல்டி என்று எல்லா இடத்திலும் பென்சிலால் குறிப்பு எழுதித் தள்ளியிருந்தார். 61-ம் பக்கத்தில் மட்டும் ஒரே ஒரு கேள்விக்குறி. வாட்ஸ்அப்பில் கூடவே ஒரு வரி: "ஆர்பிட்ரேஷன் சிங்கப்பூர்னு போட்டிருக்காங்க. ஒத்துக்கலாமா சார், இல்ல சென்னைனு மாத்தச் சொல்லலாமா?"

ஆர்பிட்ரேஷன் என்பது தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் பதிலாக, இரு தரப்பும் ஒத்துக்கொண்ட முறையில் அமர்த்தும் நடுவரிடம் போவது. அது எந்த ஊரில் என்ற கேள்விக்குப் பொதுவாக இரண்டு பதில்கள் கிடைக்கும். "நம்ம ஊர் கோர்ட்டுல மாட்டினா பேரன் காலத்துலதான் முடியும், சிங்கப்பூரே போடுங்க" என்பது ஒன்று. "சிங்கப்பூர் போய் வழக்காட உங்களுக்குக் கட்டுப்படியாகுமா, சென்னைதான்" என்பது இன்னொன்று. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே கேள்வியைத் தவறான முனையில் பிடிக்கின்றன. நான் அவரிடம் முதலில் கேட்டது வேறு: தகராறு வந்தால் யார் யாரிடமிருந்து பணம் வாங்க வேண்டியிருக்கும், அந்தப் பணமோ சொத்தோ எந்த ஊரில் இருக்கிறது?

அதற்குப் போவதற்கு முன் மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இவற்றைக் குழப்பிக்கொண்டதால் கெட்டுப்போன ஒப்பந்தங்கள் ஏராளம்.

சீட் என்பது ஆர்பிட்ரேஷனின் சட்டப்படியான சொந்த ஊர். நடுவர்கள் தவறு செய்தால் எந்த நாட்டு நீதிமன்றம் தட்டிக்கேட்கும், தீர்ப்பை யார் ரத்து செய்யலாம் என்பதெல்லாம் சீட்டை வைத்துத்தான். வென்யூ என்பது உட்கார்ந்து பேசும் இடம், அவ்வளவுதான். சீட் சிங்கப்பூராக இருக்கும்போதே கிண்டியில் ஓர் ஓட்டல் அறையில் விசாரணை நடத்தலாம், தடையில்லை. மூன்றாவது சொல் 'நிறுவனம்', அதாவது யாருடைய விதிகளின்படி நடக்கிறது என்பது. சிங்கப்பூர் சர்வதேச ஆர்பிட்ரேஷன் மையம் (பேச்சு வழக்கில் சியாக்), பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.சி.சி., மும்பை மையமான எம்.சி.ஐ.ஏ. எல்லாம் இந்த வகை. விதி ஓர் ஊருடையதாகவும் சீட் வேறு ஊராகவும் இருக்கலாம். அமேசானுக்கும் ஃபியூச்சர் சில்லறை வணிகக் குழுமத்துக்கும் நடந்த சண்டையில் விதி சியாக்குடையது, சீட் புது டெல்லி. 2020 அக்டோபரில் சியாக் விதிப்படி நியமிக்கப்பட்ட அவசர நடுவர் (முழு நடுவர் குழு அமையும் முன் இடைக்கால உத்தரவு தருபவர்) ஒரு தடை போட்டார். சீட் இந்தியாவில் இருந்ததால் அந்த உத்தரவை இந்திய நீதிமன்றமே அமல்படுத்தலாம் என்று 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே "சிங்கப்பூரா, சென்னையா" என்று நண்பர் ஒரே கேள்வியாகக் கேட்டது உண்மையில் இரண்டு கேள்விகள்.

குழப்பினால் என்ன ஆகும் என்பதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சப்ளை ஒப்பந்தத்தில் இப்படி ஒரு ஷரத்து: "தகராறுகள் சிங்கப்பூர் விதிப்படி தீர்க்கப்படும். வென்யூ சென்னை. சென்னை நீதிமன்றங்களுக்கே முழு அதிகாரம்." யாரோ மூன்று பழைய ஒப்பந்தங்களிலிருந்து வரிக்கு ஒன்றாக எடுத்து ஒட்டியிருந்தார்கள். எங்கள் தரப்பில் அதைக் கையெழுத்துக்கு முன் கடைசியாகப் படித்தது நான்தான். எதுவும் உறுத்தவில்லை. பில் பாக்கி பற்றிய சண்டை தொடங்கும் முன், சீட் எது என்ற சண்டைக்கே பதினான்கு மாதம் போனது. வக்கீல் பீஸ் பாக்கித் தொகையில் கால்வாசியைத் தொட்டது.

உச்ச நீதிமன்றமே இந்த விஷயத்தில் தடுமாறியிருக்கிறது. கோலாலம்பூரை வென்யூ என்று மட்டும் எழுதியிருந்த ஹார்டி வழக்கில், அது சீட் ஆகாது என்று 2018-ல் சொன்னது. அடுத்த ஆண்டே, டெல்லி அல்லது ஃபரிதாபாத் என்று எழுதியிருந்த பி.ஜி.எஸ். சோமா வழக்கில், வேறு குறிப்பு எதுவும் இல்லாவிட்டால் வென்யூவே சீட் என்று சொன்னதுடன், ஹார்டி தீர்ப்பையும் சரியல்ல என்றது. சீட் என்று எழுத ஒரு சொல் போதும். அதை எழுதாததற்குத்தான் இத்தனையும்.

இனி ஊர் ஊராகப் பார்க்கலாம்.

வெளிநாட்டவர் இந்திய சீட் என்றால் பதறுவதற்குப் பழைய காரணம் உண்டு. 1996-ல் வந்த நடுவர் தீர்ப்புச் சட்டம், ஐ.நா. வர்த்தகச் சட்ட ஆணையத்தின் மாதிரிச் சட்டத்தைத் தழுவி எழுதப்பட்டது. ஏட்டில் குறை சொல்ல அதிகமில்லை. ஆனால் 2002-ல் பாட்டியா வழக்கில், வெளிநாட்டில் நடக்கும் ஆர்பிட்ரேஷனிலும் இந்திய நீதிமன்றம் தலையிடலாம் என்று ஒரு கதவு திறந்தது. ஆஸ்திரேலியாவின் ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் அந்தக் கதவில் சிக்கிக்கொண்டது. கோல் இந்தியாவுடன் 1989-ல் போட்ட சுரங்க ஒப்பந்தம். 2002-ல் ஐ.சி.சி. தீர்ப்பு சாதகமாக வந்தது. அதை அமல்படுத்த டெல்லியில் மனு, ரத்து செய்யக் கொல்கத்தாவில் எதிர் மனு, பிறகு உச்ச நீதிமன்றத்தில் காத்திருப்பு. பொறுக்க முடியாமல் இந்திய அரசின் மீதே இரு நாடுகளுக்கிடையிலான முதலீட்டு ஒப்பந்தத்தின் கீழ் வழக்குப் போட்டு, 2011-ல் ஜெயித்துவிட்டது. உங்கள் நீதிமன்றத் தாமதத்துக்கு உங்கள் அரசு பணம் கட்ட வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். தொகை 40 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்குச் சற்று மேல், பெரிதொன்றுமில்லை. அவமானம்தான் பெரிது. அடுத்த ஆண்டு, 2012 செப்டம்பர் 6 அன்று, பால்கோ வழக்கில் ஐந்து நீதிபதிகள் அந்தக் கதவை அடைத்தார்கள். அதன்பின் கையெழுத்தான ஒப்பந்தங்களுக்கு, சீட் வெளிநாடு என்றால் தீர்ப்பை ரத்து செய்யும் வேலை இந்திய நீதிமன்றத்துக்குக் கிடையாது.

2015 திருத்தம் இன்னும் சிலவற்றைச் சரி செய்தது. முன்பு தோற்றவர் ஒரு மனுப் போட்டாலே தீர்ப்பு தானாக நின்றுவிடும். இப்போது தனியாகத் தடை கேட்க வேண்டும், பெரும்பாலும் பணத்தையோ ஜாமீனையோ கட்டச் சொல்கிறார்கள். சீட் வெளிநாட்டில் இருந்தாலும், இங்கிருக்கும் சொத்தை விற்றுவிடாமல் தடுக்க ஒன்பதாம் பிரிவின் கீழ் நம் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். இது நம் ஊர்க்காரருக்குப் பெரிய வசதி.

ஆகவே இன்றைய இந்தியாவில் சட்டம் மோசம் என்று சொல்ல மாட்டேன். என் புகார் வேறு: நிலையாக நிற்பதில்லை. முத்திரைத்தாள் ஒட்டாத ஒப்பந்தத்தில் உள்ள ஆர்பிட்ரேஷன் ஷரத்து செல்லாது என்று 2023 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். அதே டிசம்பரில் ஏழு நீதிபதிகள் அதைத் திருப்பிப் போட்டார்கள். நடுவர் தீர்ப்பில் உள்ள தொகையை நீதிமன்றம் மாற்ற முடியாது என்றது 2021-ன் ஹக்கீம் தீர்ப்பு. குறிப்பிட்ட சில இடங்களில் மாற்றலாம் என்றது 2025 ஏப்ரலில் வந்த காயத்ரி பாலசாமி தீர்ப்பு. இரண்டும் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்குகள். டெல்லி மெட்ரோ விமான நிலையப் பாதை விவகாரம் இன்னும் ஒரு படி மேலே. 2017-ல் நடுவர் தீர்ப்பு, 2021-ல் உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது, வட்டியோடு 8,000 கோடி ரூபாயை நெருங்கியது. 2024 ஏப்ரலில் சீராய்வுக்கும் அப்பாற்பட்ட குறைதீர் மனுவில் அதே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சியோலில் உட்கார்ந்து இதைப் படிக்கும் சட்ட மேலாளர் சென்னை சீட்டுக்குத் தலையாட்டுவார் என்று எதிர்பார்ப்பது கஷ்டம்.

இங்கே ஒரு நுணுக்கம். கொரியத் தாய்க் கம்பெனி நேரடியாகத் தரப்பாக இருந்தால், சென்னை சீட்டில் நடந்தாலும் அது "சர்வதேச வணிக ஆர்பிட்ரேஷன்". "பார்த்தவுடன் தெரிகிற சட்டப் பிழை" என்ற காரணத்தைக் காட்டி அந்தத் தீர்ப்பை ரத்து செய்ய முடியாது. அந்தக் காரணம் உள்நாட்டு வழக்குகளுக்கு மட்டும். ஆனால் ஒரகடத்தில் பதிவாகப்போகும் கூட்டுக் கம்பெனி, 51 சதவீதம் கொரியப் பணமாக இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் இந்தியக் கம்பெனி. அதற்கும் நண்பரின் அம்பத்தூர் கம்பெனிக்கும் இடையே வரும் சண்டை உள்நாட்டுச் சண்டை. அங்கே அந்தக் கூடுதல் காரணமும் சேர்ந்துகொள்ளும். ஒரே ஆலை, ஒரே ஆட்கள், ஆனால் எந்தக் காகிதத்தில் எந்தக் கம்பெனி கையெழுத்துப் போட்டது என்பதைப் பொறுத்து விளைவு மாறும்.

சென்னையில் நிறுவனம் எதுவும் இல்லாமல், இரு தரப்பும் தாங்களே நடுவரைப் பிடித்து நடத்தும் வகையை ஆட்-ஹாக் என்பார்கள். நம்மூரில் பெரும்பாலும் இதுதான். ஓய்வு பெற்ற நீதிபதி, மாலை ஐந்தரை மணி, கோர்ட் முடிந்து கருப்புக் கோட்டைக் கழற்றாமலே வரும் வக்கீல்கள், ஒரு காபி, ஒன்றரை மணி நேரம் விசாரணை, அப்புறம் டைரியைப் புரட்டி ஆறு வாரம் கழித்து அடுத்த தேதி. உள்நாட்டு வழக்கை வாதப் பிரதிவாத மனுக்கள் முடிந்த 12 மாதத்துக்குள், இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் இன்னும் ஆறு மாதம் சேர்த்து, முடிக்கச் சொல்கிறது 29ஏ பிரிவு. அதற்கும் மேல் வேண்டுமென்றால் நீதிமன்றத்தில் நீட்டிப்பு வாங்கலாம், வாங்குகிறார்கள்.

இதன் பலம் செலவு. சட்டத்தின் நான்காம் அட்டவணை ஒரு மாதிரிக் கட்டணம் தருகிறது. 5 கோடி ரூபாய் தகராறுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன்: 3,37,500 ரூபாய், அதோடு ஒரு கோடிக்கு மேற்பட்ட 4 கோடியில் ஒரு சதவீதம், அதாவது 4 லட்சம். ஒரு நடுவருக்கு 7,37,500. மூவர் என்றால் 22,12,500. ஒருவரே என்றால் கால் பங்கு கூடுதலாகச் சேர்த்து 9,21,875. இரு தரப்பும் பாதிப் பாதி. இந்த அட்டவணை சர்வதேச வழக்குக்கும் நிறுவனம் நடத்தும் வழக்குக்கும் எழுதப்பட்டதல்ல. ஆனாலும் நடுவர் தன் இஷ்டத்துக்குக் கட்டணம் வைத்துக்கொள்ள முடியாது, தரப்புகளின் ஒப்புதல் வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆட்-ஹாக்கின் பலவீனம் தொடக்கத்தில்தான். எதிர்த் தரப்பு நடுவரை நியமிக்க மறுத்தால் நீங்கள் நீதிமன்றம் போயாக வேண்டும். உள்நாட்டு வழக்கென்றால் உயர் நீதிமன்றம், சர்வதேச வழக்கென்றால் நேரே உச்ச நீதிமன்றம். "நடுவரை எங்கள் நிர்வாக இயக்குநர் நியமிப்பார்" என்ற பழைய ஷரத்து இன்னும் பல படிவங்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்படி ஒரு தரப்பே தனியாக ஒற்றை நடுவரை நியமிப்பது செல்லாது என்று 2019-ல் ஒரு தீர்ப்பும் 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பும் வந்துவிட்டன. உங்கள் ஃபைலில் அந்த வரி இருந்தால் இன்றைக்கே அடித்துவிடுங்கள்.

சீட் சென்னை, ஆனால் நடத்துவது ஒரு நிறுவனம் என்பது நடுவழி. மும்பை எம்.சி.ஐ.ஏ. 2016 முதல் இருக்கிறது. சென்னையிலேயே நானி பல்கிவாலா ஆர்பிட்ரேஷன் மையம் 2005 முதல் இயங்குகிறது. உயர் நீதிமன்றத்தின் சொந்த மையமும் உண்டு. நடுவர் நியமனத்துக்கு நீதிமன்றப் படியேற வேண்டாம், கட்டணம் முன்கூட்டியே தெரியும், தேதி தள்ளினால் கேட்க ஓர் அலுவலகம் இருக்கும். கூடுதல் செலவு வழக்கின் மொத்தச் செலவில் சின்னப் பங்குதான். இருந்தும் ஏனோ நம் தொழிலதிபர்கள் இதை எழுதுவதில்லை. வக்கீல் சிபாரிசு செய்வதில்லை என்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆட்-ஹாக்கில் ஒவ்வோர் அமர்வுக்கும் தனி பீஸ் என்ற சிட்டிங் கணக்கு யாருக்கு லாபம் என்று யோசித்தால் புரியும்.

சரி, சிங்கப்பூர். சியாக் 1991-ல் வந்தது. அங்கே வழக்குக் கொண்டுவரும் வெளிநாட்டவரில் பல ஆண்டுகள் இந்தியர்களே முதலிடம். கொரியர், ஜப்பானியர், ஜெர்மானியர் யாராக இருந்தாலும் முதல் வரைவில் சிங்கப்பூர் வருவது இதனால்தான்: யாருக்கும் சொந்த ஊர் இல்லை, இரு தரப்புக்கும் பழகிய ஊர். நீதிமன்றம் நடுவர் தீர்ப்பின் சரி தப்புக்குள் போவதில்லை, நடைமுறை நேர்மையை மட்டும் பார்க்கும். அதைக் கறாராகப் பார்க்கிறது என்பதற்கு 2025 ஏப்ரலில் ஓர் உதாரணம் கிடைத்தது. இந்திய சரக்கு ரயில் பாதை ஒப்பந்தம் தொடர்பாக, சிங்கப்பூர் சீட்டில், இந்திய முன்னாள் நீதிபதிகள் அமர்ந்து கொடுத்த தீர்ப்பு. 451 பத்திகளில் குறைந்தது 212 பத்திகள், தலைமை நடுவர் முன்பு அமர்ந்த இரண்டு வழக்குகளின் தீர்ப்புகளிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டவை. சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் தூக்கி எறிந்துவிட்டது. நண்பரிடம் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தார். "காப்பி அடிச்சா அங்கேயும் ஃபெயில்தானா?"

செலவு நிச்சயம் அதிகம். மணிக்கணக்கில் சிங்கப்பூர் டாலரில் பில் போடும் வக்கீல்கள். ஆனால் மக்கள் நினைக்கிற அளவுக்கு எல்லாம் கட்டாயமில்லை. விசாரணையைச் சென்னையில் வைக்கலாம், காணொலியில் வைக்கலாம், நம் வக்கீலே வாதாடலாம். 2025 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த சியாக் விதிகளில், 10 லட்சம் சிங்கப்பூர் டாலர் (ஏறக்குறைய ஆறரை, ஏழு கோடி ரூபாய்) வரையிலான சண்டைக்கு ஒற்றை நடுவர், மூன்று மாதத்தில் தீர்ப்பு என்று ஒரு சுருக்க வழி வந்திருக்கிறது. அதற்கு மேல் ஒரு கோடி டாலர் வரை ஆறு மாத விரைவு வழி.

ஜெயித்த பிறகுதான் சிங்கப்பூரின் உண்மையான பலம் தெரியும். ஒரு நாட்டில் வந்த நடுவர் தீர்ப்பை மற்ற நாடுகளும் அமல்படுத்த வழி செய்வது நியூயார்க் உடன்படிக்கை. சிங்கப்பூர் அதில் உள்ள நாடு, அந்த வழியில் தீர்ப்பை ஏற்கலாம் என்று இந்தியாவும் அரசிதழில் அறிவித்த நாடு. வெளிநாட்டுத் தீர்ப்பை இங்கே அமல்படுத்தும்போது 48-ம் பிரிவின் குறுகிய காரணங்கள் மட்டுமே தடை. அதிலும் அமல்படுத்த மறுத்தால்தான் மேல்முறையீடு, அமல்படுத்தச் சொன்னால் சட்டப்படி மேல்முறையீடே இல்லை. தோற்றவருக்கு மிஞ்சுவது உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு மட்டும். இத்தாலிய பிரிஸ்மியனுக்கும் அதன் இந்தியக் கூட்டாளிக் குடும்பத்துக்கும் ராவின் கேபிள்ஸ் பற்றி வந்த சண்டையில், லண்டன் தீர்ப்பை எதிர்த்துக் குடும்பம் அந்த வழியில் போனது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்ததோடு 50 லட்சம் ரூபாய் அபராதச் செலவும் போட்டது. வெளிநாட்டுத் தீர்ப்புக்கு இங்கே முத்திரைத் தீர்வையும் இல்லை. அதை 2018-ல் உச்ச நீதிமன்றத்திடமிருந்து வாங்கித் தந்தது, ஸ்ரீராம் இ.பி.சி. என்ற சென்னைக் கம்பெனிக்கு எதிராக ரியோகிளாஸ் என்ற வெளிநாட்டுக் கம்பெனி நடத்திய வழக்கு.

இதுவரை படித்தால் சிங்கப்பூருக்கே கையெழுத்துப் போடத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஷாதி.காம் வழக்கைப் படிக்கும் வரை.

நிறுவனர் அனுபம் மித்தலுக்கும் முதலீட்டாளர் வெஸ்ட்பிரிட்ஜுக்கும் 2006-ல் பங்குதாரர் ஒப்பந்தம். இந்தியச் சட்டம், ஐ.சி.சி. விதி, சிங்கப்பூர் சீட். 2021-ல் நிறுவனர் தன்னை ஓரங்கட்டுகிறார்கள் என்று மும்பையில் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனார். பங்குதாரரை ஒடுக்குதல், நிர்வாகச் சீர்கேடு ஆகிய புகார்களை இந்தியச் சட்டப்படி அந்தத் தீர்ப்பாயம்தான் விசாரிக்க முடியும், நடுவருக்குப் போகாது. சிங்கப்பூர் நீதிமன்றம் வேறு மாதிரி பார்த்தது. முழு ஒப்பந்தத்துக்கும் இந்தியச் சட்டம் என்று எழுதியிருந்தாலும், ஆர்பிட்ரேஷன் ஷரத்துக்கு எந்தச் சட்டம் என்று தனியாக எழுதவில்லை. ஆகவே அந்த ஷரத்துக்குச் சிங்கப்பூர்ச் சட்டம், அங்கே இந்தப் புகார் நடுவருக்குப் போகும், மும்பையில் வழக்கு நடத்தாதே என்று தடை. 2023 ஜனவரியில் அங்கே மேல்முறையீட்டிலும் அதே முடிவு. அதே செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம், அப்படி வரும் தீர்ப்பு இங்கே செல்லாது, நீ மும்பையிலேயே நடத்தலாம் என்றது. இரண்டு நாட்டு நீதிமன்றங்களுக்கும் நடுவில் ஒரு பங்குதாரர்.

நண்பருக்கு இதுதான் உயிர்நாடி. அவர் 49 சதவீதக்காரர். நாளைக்கு இவரைக் கேட்காமல் புதுப் பங்கு வெளியிட்டு 49-ஐ 20 ஆக்கினால், இவர் ஓட வேண்டிய இடம் சென்னையில் உள்ள கம்பெனித் தீர்ப்பாயம். அந்தக் கதவை 61-ம் பக்கத்தில் தெரியாமல் பூட்டிவிடக் கூடாது. பரிகாரம் ஒரே வரி: "இந்த ஆர்பிட்ரேஷன் ஷரத்துக்கு இந்தியச் சட்டமே பொருந்தும்." சிங்கப்பூர் நீதிமன்றமே, ஷரத்தின் சட்டம், சீட்டின் சட்டம் இரண்டின்படியும் நடுவருக்குப் போகக்கூடிய விஷயமாக இருக்க வேண்டும் என்கிறது. இந்தியச் சட்டம் என்று வெளிப்படையாக எழுதிவிட்டால் ஒடுக்குதல் புகார் தீர்ப்பாயத்துக்கே மிஞ்சும். கொரியத் தரப்பு வக்கீல் இந்த வரியை எளிதில் விடமாட்டார். அதற்கு நிற்க வேண்டும்.

லண்டன், பாரிஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல ஊர்கள்தான், ஆனால் இந்த அளவு ஆலைக்கு அளவுக்கு மீறிய செலவு. லண்டனை ஒத்துக்கொண்டால் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: 2025 ஆகஸ்டில் அமலுக்கு வந்த அவர்களின் திருத்தச் சட்டம், வெளிப்படையாக வேறு எழுதாவிட்டால் ஷரத்துக்கு சீட்டின் சட்டமே பொருந்தும் என்கிறது. மேலே சொன்ன அதே பொறி.

கூட்டாளியின் சொந்த ஊர் என்றால் நாட்டைப் பொறுத்தது. சியோல், டோக்கியோ தீர்ப்புகளை இங்கே அமல்படுத்துவதில் சட்டச் சிக்கல் இல்லை, மனச் சிக்கல் மட்டும்தான். ஆனால் இப்போது தமிழ்நாட்டுக்குக் காலணி, மின்னணு ஆலைகளாக வந்து குவிவது தைவான் பணம். தைவான் நியூயார்க் உடன்படிக்கையில் இல்லை. தைபேயை சீட்டாக வைத்து வாங்கும் தீர்ப்பை வைத்துக்கொண்டு அந்த உடன்படிக்கையின் வழியில் இந்திய நீதிமன்றத்தில் நிற்க முடியாது. தைவான் கூட்டாளிக்கே அது தெரியாமல் இருக்கலாம். பெருந்தன்மையாகத் தைபேயை ஒத்துக்கொள்வதுபோல் நடிக்கிற ஆசாமிகளையும் பார்த்திருக்கிறேன். நீங்களே வழக்குப் போடும் நிலை வந்தால் அந்தச் சாமர்த்தியம் திருப்பியடிக்கும்.

ஆர்பிட்ரேஷனே வேண்டாம் என்ற வழியும் உண்டு. நண்பரின் அம்பத்தூர் கம்பெனி, கூட்டுக் கம்பெனிக்குப் பாகங்கள் சப்ளை செய்யப்போகிறது. அங்கே வரப்போவது பில் பாக்கிச் சண்டை. சிறு தொழிலாகப் பதிவு செய்த சப்ளையருக்கு 2006-ம் ஆண்டுச் சட்டம் கொடுத்திருக்கும் ஆயுதத்துக்கு முன் சிங்கப்பூர் எல்லாம் ஒன்றுமில்லை. 45 நாளுக்கு மேல் பணம் தராவிட்டால் ரிசர்வ் வங்கி விகிதத்தின் மும்மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. இப்படிப்பட்ட பாக்கித் தகராறைத் தீர்க்க அந்தச் சட்டமே அமைத்த வசதியாக்கக் குழுவுக்குப் போனால் ஒப்பந்தத்தில் வேறு ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருந்தாலும் இந்தச் சட்டமே மேல் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குழு வழியாக வந்த தீர்ப்பை எதிர்க்க, சரக்கு வாங்கியவர் முதலில் அந்தத் தொகையில் 75 சதவீதம் கட்ட வேண்டும். சட்டத்தில் 90 நாள் என்று இருப்பது நடைமுறையில் இழுக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் இது குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டும். 2025 ஏப்ரல் முதல் இயந்திர முதலீடு 25 கோடி, விற்பனை 100 கோடி என்பது "சிறு"வின் எல்லை. நண்பர் விற்பனை 80 கோடியில் நிற்கிறார். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே பதிவு இருப்பது பாதுகாப்பு, இருக்கிறது.

எதிரே இருப்பது அரசு என்றால் கணக்கே வேறு. மத்திய அரசின் கொள்முதல் ஒப்பந்தங்களில் ஆர்பிட்ரேஷனை வழக்கமாகச் சேர்க்க வேண்டாம், சேர்த்தாலும் 10 கோடிக்குக் கீழ்ப்பட்ட தகராறுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று 2024 ஜூனில் நிதியமைச்சகம் சுற்றறிக்கை விட்டுவிட்டது. முதலீட்டாளர் பெரியவராக இருந்தால் நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தம் கைகொடுக்கும். இதே ஒரகடத்தில் ஆலை வைத்த நிசான், தமிழ்நாடு அரசு தரவேண்டிய ஊக்கத்தொகை வரவில்லை என்று இந்திய–ஜப்பான் பொருளாதார ஒப்பந்தத்தின் கீழ் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டு வழக்குத் தொடுத்து, 2020-ல் சமரசத்தில் முடித்தது. நண்பரின் ஆலைக்கு அந்த உயரம் இல்லை.

கடைசியில் அவருக்கு எழுதிக்கொடுத்தது இது. பங்குதாரர் ஒப்பந்தத்துக்குச் சிங்கப்பூர் சீட், சியாக் விதி, ஒத்துக்கொள்ளலாம். கொரியத் தரப்பு ஜெயித்தால் பிடிக்க வேண்டியது இவருடைய அம்பத்தூர் சொத்தை, ஆகவே இந்திய நீதிமன்றத்தில் நிற்கும் தீர்ப்பு அவர்களுக்கு வேண்டும். அதை விட்டுக்கொடுத்து பதிலுக்கு ஏதாவது வாங்க முடியும். இவர் ஜெயித்தால் பிடிக்க வேண்டியதும் வெகுதூரத்தில் இல்லை. அவர்களுடைய 51 சதவீதப் பங்கு ஒரகடத்திலேயே இருக்கிறது. பதிலுக்கு வாங்க வேண்டியவை மூன்று: ஷரத்துக்கு இந்தியச் சட்டம் என்ற வரி, விசாரணை நடக்கும் இடம் சென்னை, ஒற்றை நடுவர். சப்ளை ஒப்பந்தம் தனி. அதற்குச் சென்னை சீட், சென்னையில் உள்ள ஒரு மையத்தின் விதி, கூடவே சிறு தொழில் சட்டத்தின் உரிமைகளுக்கு இது குறுக்கே வராது என்று ஒரு வரி. கடைசி வரி எழுதாவிட்டாலும் அந்த உரிமை போகாது. ஆனால் எழுதியிருந்தால் கணக்குப் பிரிவில் பில்லைப் பார்க்கிறவர் கண்ணில் படும்.

பத்து நாளில் கொரியாவிலிருந்து பதில் வந்தது. இந்தியச் சட்டம் பற்றிய வரியை எதிர்பார்த்ததுபோல் அடித்திருந்தார்கள், நண்பர் திருப்பி எழுதி அனுப்பினார். இரண்டாவது சுற்றில் விட்டுவிட்டார்கள். விசாரணை சென்னையில் என்பதற்கு ஆட்சேபம் இல்லை. ஒற்றை நடுவர் மட்டும் வேண்டாம், மூவர் வேண்டும் என்கிறார்கள். அதற்கு இவர் இன்னும் பதில் அனுப்பவில்லை. மூவர் என்றால் சியாக்குக்கு எவ்வளவு முன்பணம் கட்ட வேண்டியிருக்கும் என்று பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்.